வைராக்கியமும் தாயின் கண்ணீரும்

வீட்டை விட்டுப் போய்விட வேண்டும் என்ற எண்ணம் இளமையில் பலருடைய மனத்திலும் ஒருமுறையேனும் எழுந்து அடங்குகிறது. தேர்வில் தோற்றவனுக்கு அது வருகிறது. தந்தையின் கடுஞ்சொல்லைத் தாங்க முடியாதவனுக்கும் வருகிறது. இவை எதுவுமே இல்லாமல், உண்ண உணவும் உடுக்க உடையும் படிக்க வசதியும் இருந்தும், இது போதாது என்று உள்ளே ஏதோ ஒன்று ஓயாமல் அரித்துக்கொண்டிருக்க, வீட்டில் இருப்புக்கொள்ளாமல் தவிக்கும் இளைஞர்களும் இளம்பெண்களும் உண்டு. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எல்லாத் தவிப்பும் ஒன்றுபோலவே தோன்றும். பெற்றோருக்கோ வேறுபாடு பார்க்கும் நிலையே இருப்பதில்லை. பிள்ளை போய்விடுவானோ என்ற அச்சம் ஒன்றுதான் அவர்களுக்கு.

எந்த நாளில் வைராக்கியம் பிறக்கிறதோ அந்த நாளிலேயே புறப்பட்டுவிடலாம் என்று ஜாபால உபநிஷத்து அனுமதி அளிக்கிறது. துடிப்புள்ள இளைஞர்கள் இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டவுடன் மகிழ்ந்து போகிறார்கள். ஆனால் பிறந்திருப்பது வைராக்கியம்தானா என்பதை யார் சொல்வது? உபநிஷத்து அந்தப் பொறுப்பைச் சாதகனிடமே விட்டுவிடுகிறது. அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

ஸ்ரீராமகிருஷ்ண பரமஹம்சர் இந்தச் சிக்கலை இரண்டு கதைகளால் விளக்குவது வழக்கம். ஒருவன் குடும்பத் தொல்லை பொறுக்காமல் காவி உடுத்திக் காசிக்குப் போகிறான். பல நாட்கள் அவனைப் பற்றிய செய்தியே இல்லை. வீட்டில் எல்லோரும் அழுது ஓய்ந்த பிறகு ஒரு கடிதம் வருகிறது: கவலைப்பட வேண்டாம், இங்கே ஒரு வேலை கிடைத்திருக்கிறது என்று. இது மர்க்கட வைராக்கியம், அதாவது குரங்கின் துறவு. இன்னொருவன் தோளில் துண்டோடு குளிக்கப் புறப்படுகிறான். மனைவி தன் அண்ணனின் துறவுப் பெருமையைச் சொல்கிறாள். அவன் கொஞ்சம் கொஞ்சமாக ஒவ்வொன்றாய்த் துறந்து வருகிறானாம். கொஞ்சம் கொஞ்சமாகத் துறப்பவன் என்றைக்கும் துறக்கப்போவதில்லை என்கிறான் கணவன். அப்படியானால் உம்மால் முடியுமா என்று அவள் கேட்கிறாள். முடியும், இதோ பார் என்று சொல்லிவிட்டு, தோளில் கிடந்த அந்தத் துண்டோடு அப்படியே நடந்துவிடுகிறான், திரும்பிப் பார்க்கவில்லை. இது தீவிர வைராக்கியம்.

கேட்பவர்கள் எல்லோரும் தங்களைத் தோளில் துண்டு போட்டவனாகவே எண்ணிக்கொள்வது இந்தக் கதையில் உள்ள ஆபத்து. காசிக்குப் போனவனும் புறப்பட்ட அன்று அப்படித்தான் எண்ணியிருப்பான்.

அத்தகைய புறப்பாடு கதையில் மட்டுமே உள்ளது என்பதில்லை. 1896-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத இறுதியில் மதுரையிலிருந்து பதினாறு வயதுச் சிறுவன் வேங்கடராமன் யாரிடமும் சொல்லாமல் ரயிலேறித் திருவண்ணாமலைக்குப் போனான். பிற்காலத்தில் பகவான் ரமண மகரிஷி என்று உலகம் அவனை அறிந்தது. அவன் விட்டுச்சென்ற கடிதத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அதனருகே அவன் வைத்துவிட்டுப் போன இரண்டு ரூபாயைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்காகக் கொடுக்கப்பட்ட ஐந்து ரூபாயில் ரயிலுக்கு மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியை வைத்து, கட்டணம் இன்னும் செலுத்தப்படவில்லை என்பதையும் எழுதிவிட்டுத்தான் அவன் படியிறங்கினான். உடல் உணர்வே அற்றுப்போகும் அளவு உள்ளே தீப்பற்றிய ஒருவன், அண்ணனுக்கு நேரக்கூடிய ஒரு சிறு தொல்லையை நினைவில் வைத்திருந்தான். பின்னாளில் அவருடைய தாய் அழகம்மையார் மலையடிவாரத்துக்கு வந்து மகனோடேயே தங்கி, 1922-இல் அவர் கரங்களின் அணைப்பிலேயே உடல் நீத்தார்.

இனித் தட்சிணேஸ்வரத்துக்குத் திரும்பலாம். அங்கே பிரதாப் ஹாஜ்ரா என்றொருவர் இருந்தார். காமார்புகூருக்கு அருகில் உள்ள ஓர் ஊரில் வயதான தாயையும் மனைவி மக்களையும் விட்டுவிட்டு வந்து, கோயிலில் அமர்ந்து உருத்திராட்ச மாலை உருட்டிக்கொண்டிருப்பார். தாய் அழுது அழுது கண் மங்கிப்போய், மகனை ஒருமுறை அனுப்பி வைக்கும்படி சொல்லியனுப்பினாள். ஒரு மூன்று நாளாவது போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லி ஸ்ரீராமகிருஷ்ணர் எவ்வளவோ எடுத்துச் சொன்னார், ஹாஜ்ரா அசையவில்லை. பெற்றவளை அழவைத்துவிட்டு உருட்டும் மாலை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பது பரமஹம்சரின் வருத்தம். தேவர்களுக்கும் ரிஷிகளுக்கும் பட்ட கடன்கள் இருப்பதுபோலவே தாய்க்கும் தந்தைக்கும் பட்ட கடன் உண்டு. அதைத் தீர்க்காமல் எந்தக் காரியமும் நிறைவேறாது என்று அவர் கண்டிப்பாகவே சொன்னார். அதே மூச்சில் இன்னொன்றையும் சொன்னார்: இறைவன்மீது கொண்ட காதலால் பித்தானவனுக்குத் தாய் எது, தந்தை எது, மனைவி எது? அவன் எல்லாக் கடன்களிலிருந்தும் விடுபட்டவன்.

இந்த இரண்டு சொற்களையும் சேர்த்துக் கேட்பதுதான் கடினம். பெற்றோர் முதல் பாதியை எடுத்துக்கொள்கிறார்கள். பிள்ளைகள் இரண்டாம் பாதியை எடுத்துக்கொள்கிறார்கள். வீட்டில் நடக்கும் சண்டையில் இருவருக்கும் ஆதாரம் கிடைத்துவிடுகிறது!

சொன்னவர் எப்படி வாழ்ந்தார் என்று பார்த்தால் கொஞ்சம் தெளிவு பிறக்கும். இறைவனுக்காகப் பித்தான மனிதர் என்று யாரையாவது சொல்ல முடியுமானால் அது அவரைத்தான். தோதாபுரியிடம் அவர் சந்நியாசம் பெற்றபோது, கங்கைக்கரையில் அதே கோயில் வளாகத்தில் அவருடைய தாய் சந்திராமணி தேவி வாழ்ந்து வந்தார். தலை மழித்துத் துறவுக் கோலத்தில் மகனைக் கண்டால் அந்த மூதாட்டியின் நெஞ்சு உடைந்துவிடும் என்று, அந்தச் சடங்கை அவர் மறைவாகவே நடத்திக்கொண்டார். பிரம்மத்தில் கரைந்துபோவதற்கான வேள்வியிலும், அம்மாவுக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்ற கவலை அவருக்கு இருந்திருக்கிறது.

1868-இல் மதுர்பாபுவோடு அவர் பிருந்தாவனம் சென்றார். அங்கே கங்காமாதா என்ற முதிய தவப்பெண்ணைக் கண்டதும் திரும்பிப் போகவே மனம் வரவில்லை. அந்தப் புண்ணிய பூமியிலேயே தங்கிவிடுவதாக முடிவு செய்துவிட்டார். உடன் வந்த மருமகன் ஹிருதயன் ஒரு கையைப் பிடித்து இழுக்க, கங்காமாதா மறு கையைப் பிடித்துக்கொண்டார். யார் பேச்சுக்கும் அவர் மசியவில்லை. அப்போது, தட்சிணேஸ்வரத்தில் தனியாக இருக்கும் தாயின் நினைவு வந்தது. அவ்வளவுதான், கைகளை விடுவித்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார். 1876-இல் அந்தத் தாய் மறைந்தபோது, சந்நியாசி என்பதால் ஈமக்கடன்களை அவர் செய்ய இயலவில்லை. பிறகு மனம் கேளாமல் கங்கையில் இறங்கித் தர்ப்பணம் செய்ய முயன்றார். கைகளைக் குவித்து நீரை எடுத்தார். விரல்கள் விறைத்துப் பிரிந்துகொள்ள, நீர் முழுவதும் வழிந்தோடியது. மீண்டும் மீண்டும் முயன்றும் ஒரு சொட்டு நிற்கவில்லை. அவர் கதறி அழுதார்.

துறவுக்கு விலை உண்டு. துறந்தவரும் அதைத் தருகிறார், விடப்பட்டவரும் தருகிறார். இந்த மனிதரிடம்தான் நரேந்திரநாத் தத்தர் வந்து சேர்ந்தார்.

நரேந்திரரின் வீட்டுக்குத் துறவு புதிதல்ல. அவருடைய பாட்டனார் துர்காசரண் இளம் மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுச் சந்நியாசியாகிப் போனவர். அந்தக் குழந்தைதான் நரேந்திரரின் தந்தை விசுவநாத தத்தர். வடகல்கத்தாவின் சிமுலியாவில் இருந்த அந்த வீட்டுக்குள் மருமகளாக வந்த புவனேஸ்வரி தேவி, துறவி ஒருவர் விட்டுச்சென்ற இடைவெளி ஒரு குடும்பத்தில் எத்தனை ஆண்டுகள் ஆறாமல் கிடக்கும் என்பதைப் பிறர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அவருடைய மூத்த மகனும் சிறுவயதிலிருந்தே சாதுக்களைக் கண்டால் பின்னால் ஓடினான்.

1884-ஆம் ஆண்டு பிப்ரவரி 25-ஆம் நாள் விசுவநாதர் திடீரென மறைந்தார். கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் அட்டர்னியாக இருந்து நிறையச் சம்பாதித்தவர், சம்பாதித்ததைவிட அதிகமாகச் செலவு செய்துவிட்டுப் போயிருந்தார். கடன்காரர்கள் வந்தார்கள். உறவினர்கள் பாகப் பிரிவினை என்று வீட்டின்மீதே வழக்குக்கு வந்தார்கள். அப்போதுதான் பட்டப் படிப்பை முடித்திருந்த இருபத்தொரு வயது இளைஞர் குடும்பத் தலைவரானார். வெயிலில் வெறுங்காலோடு விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். எங்கும் வேலை இல்லை. வீட்டில் இருக்கும் அரிசி எல்லோருக்கும் போதாது என்று தெரிந்த நாட்களில், வெளியே விருந்துக்கு அழைத்திருக்கிறார்கள் என்று தாயிடம் பொய் சொல்லிவிட்டுப் பட்டினியாகக் கிடந்தார்.

ஒருநாள் காலை வழக்கம்போல இறைவன் பெயரைச் சொல்லிக்கொண்டே அவர் எழுந்தார். அடுத்த அறையிலிருந்து தாயின் குரல் கேட்டது. சின்ன வயதிலிருந்து பகவான் பகவான் என்கிறாயே, உன் பகவான் நமக்கு என்ன செய்துவிட்டார், வாயை மூடு என்ற பொருள்பட அவர் கடிந்துகொண்டார். புவனேஸ்வரி தேவி நாத்திகர் அல்லர். வீரேஸ்வர சிவனுக்கு நோன்பிருந்து இந்த மகனைப் பெற்றவர். பசித்த குழந்தைகளை முன்னால் வைத்துக்கொண்டிருக்கும் ஒரு தாயின் சொல் அது. அதற்குக் குற்றம் காண்பதற்கு யாருக்கும் உரிமையில்லை.

அந்த மழைக்கால இரவுகளில் ஒன்றில், பசியோடும் நனைந்த உடையோடும் நடக்க முடியாமல் யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணையில் நரேந்திரர் சாய்ந்துவிட்டார். மனத்தில் மூடியிருந்த திரைகள் ஒன்றன்பின் ஒன்றாக விலகுவதுபோல இருந்தது என்று பிற்காலத்தில் அவரே கூறினார். கருணையுள்ள இறைவனின் படைப்பில் இத்தனைத் துன்பம் ஏன் என்ற கேள்வி ஓய்ந்தது. களைப்பு இருந்த இடம் தெரியவில்லை. விடிவதற்குச் சற்று முன்பு வீடு திரும்பினார். அன்றிலிருந்து புகழும் பழியும் அவரைத் தொடவில்லை. பணம் சேர்த்துக் குடும்பம் நடத்துவதற்காகத் தான் பிறக்கவில்லை என்ற உறுதி ஏற்பட்டது. பாட்டனாரைப் போலவே யாருக்கும் தெரியாமல் வீட்டை விட்டுப் போவதென்று தீர்மானித்து, நாளும் குறித்துவிட்டார்.

அவருடைய நிலையைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். அனுபவம் உண்மையானது. உறுதி உண்மையானது. மனைவி மக்கள் என்ற தளையும் இல்லை. தோளில் துண்டு போட்டவனின் எல்லா அடையாளங்களும் இருந்தன. ஆனால் அடுத்த அறையில் தாய் பட்டினி கிடந்தார்.

குறித்த நாளில், ஸ்ரீராமகிருஷ்ணர் கல்கத்தாவில் ஒரு பக்தரின் வீட்டுக்கு வருகிறார் என்று செய்தி கிடைத்தது. நல்லதாயிற்று, குருவை ஒருமுறை தரிசித்துவிட்டு நிரந்தரமாகப் போய்விடலாம் என்று நரேந்திரர் அங்கே சென்றார். கண்டவுடனேயே, அன்று தன்னோடு தட்சிணேஸ்வரத்துக்கு வந்தே ஆக வேண்டும் என்று குரு பிடிவாதம் பிடித்தார். எத்தனையோ சாக்குச் சொல்லியும் விடவில்லை. வண்டியில் வழிநெடுக இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. தட்சிணேஸ்வரத்தில் அறை நிறைய மக்கள் இருந்தார்கள். சிறிது நேரத்தில் குரு பரவச நிலை அடைந்து நரேந்திரரின் அருகில் வந்து அவர் கையைப் பற்றிக்கொண்டு, கண்ணீர் வழியப் பாடினார். எங்கே உன்னை இழந்துவிடுவேனோ என்று அஞ்சுவதாக அந்தப் பாட்டின் பொருள் இருந்தது. நெஞ்சில் அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைய, நரேந்திரரும் அழுதார். குருவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. சுற்றியிருந்தவர்கள் திகைத்தார்கள். என்ன நடந்தது என்று ஒருவர் கேட்டதற்கு, அது எங்கள் இருவருக்கும் இடையில் உள்ளது என்று சிரித்துக்கொண்டே குரு தட்டிக்கழித்தார்.

இரவு எல்லோரும் போன பிறகு நரேந்திரரைத் தனியே அழைத்தார். அன்னையின் காரியத்துக்காக வந்தவன் நீ, உன்னால் உலகியலில் தங்க முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் நான் இருக்கும் வரையில் எனக்காக வீட்டில் இரு என்று கேட்டுக்கொண்டு மறுபடியும் அழுதார். மறுநாள் காலை நரேந்திரர் வீடு திரும்பினார்.

போகாதே என்று குரு சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இல்லறக் கடமையைப் பற்றி ஓர் உபதேசமும் செய்யவில்லை. நீ போகத்தான் போகிறாய் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டார். பிறகுதான் காத்திருக்கச் சொன்னார். பிள்ளையின் தவிப்பைப் பைத்தியம் என்று தள்ளிவிட்டு, வீட்டோடு இரு என்று கட்டளையிடும் பெற்றோர் எவ்வளவு பேர்! ஒருமுறை அந்தத் தவிப்பை உண்மை என்று ஒப்புக்கொண்டால், காத்திருக்கச் சொல்லும் சொல்லுக்கு ஒரு வலிமை வருகிறது. பிள்ளைகளைப் பொறுத்தவரை இன்னொன்று: உண்மையான வைராக்கியம் காத்திருப்பதால் கெட்டுப்போவதில்லை. ஆறுமாதம் வீட்டில் இருந்தால் அணைந்துவிடும் நெருப்பு, இமயமலைக் குளிரில் எத்தனை நாள் எரியும்?

வீட்டில் இருந்த அந்தக் காலம் வீணாகவும் இல்லை. அட்டர்னி அலுவலகத்தில் சிறு வேலைகள், புத்தக மொழிபெயர்ப்பு என்று நரேந்திரர் உழைத்தார், போதவில்லை. குடும்பத்தின் வறுமை தீர அன்னை காளியிடம் தமக்காக வேண்டும்படி குருவிடம் கெஞ்சினார். நீயே போய்க் கேள் என்று குரு அனுப்பினார். ஒரே இரவில் மூன்றுமுறை சந்நிதிக்குப் போனார். மூன்றுமுறையும் அன்னையைக் கண்டதும் பணத்தைக் கேட்க நா எழவில்லை. ஞானமும் பக்தியும் விவேக வைராக்கியமும் வேண்டும் என்றே கேட்டுவிட்டு வந்தார். அப்படியானால் குடும்பத்துக்கு என்ன வழி என்று குருவையே பிடித்துக்கொண்டார். சரி, அவர்களுக்குச் சாதாரணச் சோற்றுக்கும் துணிக்கும் குறைவிருக்காது என்று குரு சொன்னார். தனக்காக அன்னையிடம் எதையும் கேட்காத மனிதரிடமிருந்து, ஒரு விதவைத் தாயின் சோற்றுக்காகச் சீடர் பெற்ற வாக்கு அது. குறித்த நாளில் அவர் போயிருந்தால் இந்த இரவு நிகழ்ந்திருக்காது.

இளஞ்சீடர்களில் இன்னொருவரான நிரஞ்சன் அலுவலக வேலைக்குப் போனபோதும் குரு இதே தராசைத்தான் பயன்படுத்தினார். வேலைக்குப் போனதால் முகத்தில் கருமை படர்ந்திருக்கிறது என்று சொன்னவர், தாய்க்காக அதை ஏற்றதால் குற்றமில்லை, தனக்காக ஏற்றிருந்தால் முகத்திலேயே விழித்திருக்க மாட்டேன் என்றார்.

பிறகு நெருப்பு தானாகவே அணையை உடைத்தது. 1886 ஜனவரியின் தொடக்கத்தில், குரு புற்றுநோயால் காசிப்பூர்த் தோட்ட வீட்டில் படுத்திருந்த நாட்களில், சட்டத் தேர்வுக்குப் படிப்பதற்காக நரேந்திரர் வீட்டுக்குப் போனார். தேர்வு நெருங்கிவிட்டது, இப்படிச் சுற்றித் திரிகிறாயே என்று வீட்டில் கடிந்துகொண்டார்கள். புத்தகத்தைத் திறந்ததும், படிப்பதே ஏதோ பயங்கரமான காரியம்போல அச்சம் பற்றிக்கொண்டது. வாழ்நாளில் அப்படி அழுததில்லை என்று அவரே சொல்லும் அளவுக்கு அழுதார். புத்தகங்களைப் போட்டுவிட்டுத் தெருவில் ஓடினார். செருப்பு எங்கே கழன்று விழுந்தது என்று தெரியவில்லை. வழியில் ஒரு வைக்கோற்போரைக் கடந்தபோது உடலெல்லாம் வைக்கோல் ஒட்டிக்கொண்டது. அதையும் உதறாமல் காசிப்பூர்ச் சாலையில் ஓடிக்கொண்டேயிருந்தார்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 16-இல் குரு மறைந்தார். நான் இருக்கும் வரையில் என்ற தவணை முடிந்துவிட்டது.

டிசம்பர் 24-ஆம் நாள் இரவு, ஆந்த்பூர் கிராமத்தில் துனி நெருப்பைச் சுற்றி அமர்ந்து அந்த இளைஞர்கள் துறவு வாழ்வை ஏற்பதாக உறுதி பூண்டார்கள். அது அவர்களில் ஒருவரான பாபுராமின் வீடு. அவர்களை அழைத்து உணவிட்டு உபசரித்தவர் அவருடைய தாய் மாதங்கினி தேவி. மகனைத் தமக்குத் தந்துவிடும்படி குரு முன்னரே கேட்டபோது, மகிழ்ந்து தந்தவர் அவர். அதற்குப் பதிலாக இறைவனிடம் பக்தியும், பெற்ற பிள்ளைகளின் மரணத்தைத் தாம் உயிரோடிருந்து பார்க்க நேராத வரமும் மட்டுமே அவர் வேண்டினார். எல்லாத் தாய்மாரும் மாதங்கினி தேவியாக இருக்க முடியாது. இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமன்று.

சசியின் தந்தை அப்படி இருக்கவில்லை. பின்னாளில் சுவாமி ராமகிருஷ்ணானந்தராகச் சென்னைக்கு வந்து தென்னாட்டில் குருவின் பணிக்கு வித்திட்டவர்தான் இந்தச் சசி. மகனை அழைத்துப்போக அவருடைய தந்தை வராகநகர் மடத்துக்கு வருவார். தந்தையின் குரல் கேட்டதும் மகன் வேறு வழியாக வெளியேறிவிடுவார். பெற்றோரிடம் அன்பில்லாததால் அல்ல. எதிரே நின்றால் மறுக்க முடியாமல் போய்விடுமோ என்ற அச்சத்தால்தான். வாசலில் நின்ற தந்தையும் வேறு வழியாக நடந்த மகனும் அன்று என்ன நினைத்தார்கள் என்பதை எந்த வரலாறும் முழுமையாகச் சொல்லிவிட முடியாது.

துறவு ஏற்ற பிறகும் நரேந்திரர் வராகநகரிலிருந்து வீட்டு வழக்குக்காக நீதிமன்றத்துக்கு நடந்துகொண்டிருந்தார். காவியும் வழக்குக் காகிதமும் சேர்ந்து இருந்த அந்த நாட்களைப் பற்றி அவர் மறைக்கவில்லை. காசியில் இருந்த பிரமதாதாச மித்திரருக்கு 1889-இல் எழுதிய கடிதத்தில், தாயும் தம்பிகளும் கல்கத்தாவில் படும் பாட்டைச் சொல்லி, அருகிலேயே இருப்பதால் தம் மனம் கலங்கிவிடுகிறது என்று ஒப்புக்கொள்கிறார். மறு ஆண்டு வடநாட்டுப் பயணத்தைத் தொடங்கினார். அல்மோராவில் இருக்கும்போது சகோதரி ஒருவரின் துயர மரணச் செய்தி வந்தது. அடர்ந்த காவி உடையும் அந்தச் செய்தியை உள்ளே விடாமல் தடுக்கவில்லை.

1893-இல் சிகாகோவில் நடந்ததை எல்லோரும் அறிவார்கள். அதை இங்கே சொல்ல வேண்டியதில்லை. கேத்ரி அரசர் அஜித் சிங் மாதந்தோறும் அனுப்பிய நூறு ரூபாய் கல்கத்தாவில் புவனேஸ்வரி தேவிக்குப் போய்க்கொண்டிருந்தது என்பதைத்தான் சொல்ல வேண்டும். உலகமே கொண்டாடிய சுவாமி விவேகானந்தர் 1898 நவம்பரில் அந்த அரசருக்கு எழுதிய கடிதத்தில், இனிச் சில ஆண்டுகளாவது தாயோடு இருந்து அவருக்குப் பணிவிடை செய்வதே தம் கடைசி ஆசை என்றும், அவருக்கு ஒரு சிறு வீடு கட்டித்தர வேண்டும் என்றும் தயங்காமல் கேட்கிறார். டிசம்பரில் மீண்டும் எழுதி, தாம் இறந்த பிறகும் அந்த நூறு ரூபாய் தாய்க்குக் கிடைக்கும்படி நிரந்தரமாக்க வேண்டும் என்கிறார். தமக்கென்று எதையும் வைத்துக்கொள்ளாதவர், கைநீட்டிக் கேட்டது இதற்காக.

1900 ஜனவரியில் அமெரிக்காவிலிருந்து ஓலி புல் அம்மையாருக்கு எழுதும்போது இன்னும் ஆழமாகப் போகிறார். 1884-இல் தாயை விட்டுவந்தது பெருந்துறவு என்றால், இப்போது தாயிடம் திரும்பிப் போவது அதைவிடப் பெரிய துறவு என்ற கருத்தை அதில் எழுதுகிறார். முற்காலத்து ஆசாரியருக்கு நேர்ந்ததே தமக்கும் நேர வேண்டும் என்று அன்னை நினைக்கிறாள்போலும் என்கிறார். அவர் குறிப்பது ஆதிசங்கரரை. காலடியில் ஆரியாம்பாளிடம் அனுமதி பெற்றுப் புறப்பட்ட சங்கரர், இறுதிக் காலத்தில் வந்து சேர்வதாகக் கொடுத்த வாக்கின்படி திரும்பி வந்தார். சந்நியாசி ஈமக்கடன் செய்வதா என்று உறவினர் ஒதுங்கிவிட, தாமே தாயின் உடலுக்குத் தீ மூட்டினார் என்று சங்கர விஜய நூல்கள் கூறுகின்றன.

சுவாமிஜிக்கு அந்த வரிசை மாறிவிட்டது. 1901-இல் உடல் நலிந்திருந்த நிலையிலும் தாயைக் கிழக்கு வங்காளத்துக்கும் அசாமுக்கும் அழைத்துச் சென்று, சந்திரநாத்தையும் காமாக்யாவையும் தரிசிக்கச் செய்தார். 1902 ஜூலை 4-இல் அவர் மறைந்தார். புவனேஸ்வரி தேவி மேலும் ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்து 1911 ஜூலையில் காலமானார்.

சுவாமிஜியின் வாழ்நாள் முடிவதற்குச் சில மாதங்களே இருந்தபோது, தாய் அவரிடம் ஒன்றை நினைவூட்டினார். குழந்தைப் பருவத்தில் அவருக்குக் கடும் நோய் வந்தபோது, பிழைத்தால் காளிகட்டத்து அன்னையின் சந்நிதியில் பிள்ளையைத் தரையில் உருளச் செய்வதாக வேண்டிக்கொண்டிருந்தாராம். அது நிறைவேறாமலே கிடந்தது. வேதாந்தத்தைக் கடல்கடந்து கொண்டுசென்ற அந்தத் துறவி மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை. சர்க்கரை நோயாலும் மூச்சுத் திணறலாலும் தளர்ந்திருந்த உடலோடு காளிகட்டம் சென்றார். ஆதிகங்கையில் மூழ்கி எழுந்தார். ஈர உடையோடு கோயிலுக்குள் நடந்து, தாயின் வேண்டுதல்படி அன்னையின் முன்னே தரையில் படுத்து மூன்றுமுறை உருண்டார். பிறகு எழுந்து கோயிலை வலம்வந்தார்.